புகார்தாரரும் எதிரியும் ஒருவரே

மரியெல்விஸ் சுரங்கப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டதற்குச் சுரங்கத்தின் மேல் உள்ள காதல் காரணமில்லை. தூக்கத்தின் மேல் உள்ள காதல்தான் காரணம். செம்புச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏழு நாள் மலையில் வேலை, ஏழு நாள் வீட்டில் ஓய்வு. அந்த ஏழு நாளும் வீட்டில் என்னதான் செய்வார்கள் என்று, அப்பா பொறியாளராக இருக்கும் ஒரு வகுப்புத் தோழியிடம் விசாரித்தாள்.

"எங்கப்பாவா? தூங்குவாரு," என்றாள் தோழி.

அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அவள் வீட்டில் தூக்கம் அளந்துதான் கிடைக்கும். அம்மா யுரைமாவுக்குக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. அடுத்தவர்கள் தூங்கியெழுந்த விரிப்புகளைத் துவைத்தே இடுப்பொடிந்தவள். ஆல்டோ ஓஸ்பிசியோ மேட்டிலிருந்து இகீக்கே நகரத்துக்கு இறங்கும் பஸ்ஸில் நின்றபடியே தூங்குவாள். எந்த வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது மூளையைக் கேட்காமலே உடம்புக்குத் தெரியும். மகள் விடிவதற்குள் எழுந்து, சீஸ் துண்டைச் சுற்றி மாவு உருட்டித் தெக்கேன்யோ பொரித்து டப்பாவில் அடுக்குவாள். பாதி பஸ்ஸிலேயே விற்றுவிடும். மீதியை ஆசிரியர்கள் வாங்கித் தின்றுவிட்டு, முதல் பாடவேளையில் அவள் மேசையில் தலை சாய்வதைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அது எழுதப்படாத ஒப்பந்தம்.

இந்தச் சிலி நாட்டில் ஒருவருடைய அடையாள எண்ணைக் கேட்டால் வயதைச் சொல்லிவிடலாம். ஐந்தில் ஆரம்பித்தால் கிழவர். இருபத்து மூன்றில் ஆரம்பித்தால் அரும்பு மீசை. மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கினாலும் எண் கேட்பார்கள். மரியெல்விஸின் எண் நூறில் ஆரம்பிக்கும். காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தருகிற தற்காலிக எண் அது. கணக்குப்படி பார்த்தால் அவள் இன்னும் சில தலைமுறை கழித்துப் பிறக்க வேண்டியவள்.

"இத மிஷின் எடுக்கலையே கண்ணு," என்பாள் மருந்துக்கடைக்காரி.

"இன்னும் பொறக்கலக்கா. பொறந்ததும் வர்றேன்."

மாத்திரை இல்லாமலே தலைவலி போய்விடும், அல்லது பழகிவிடும்.

பள்ளியில் எல்சிரா அத்தை என்று ஓர் இன்ஸ்பெக்டர். தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பது, பாவாடை நீளம் பார்ப்பது, கழிப்பறையில் புகை வந்தால் மோப்பம் பிடிப்பது எல்லாம் அவருடைய வேலை. யாரும் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு வேலை, நூற்றுக்காரப் பிள்ளைகளின் காகிதங்கள். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் மரியெல்விஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உனக்கு பதினெட்டு ஆகப் போகுதாமே?"

"எல்லாருக்கும் ஆகற மாதிரிதான் அத்தை."

"எப்பன்னு கேக்கறேன்."

"அடுத்த செவ்வாய்."

"வாழ்த்து சொல்ல மாட்டேன். உக்காரு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் மார்க்குக்குப் பல்கலைக்கழகத்துல இலவச இடம் கிடைக்கும். நுழைவுத்தேர்வ இந்த நம்பர வெச்சே எழுதிடலாம். ஆனா சேரப் போற அன்னிக்கு, நீ இந்த நாட்டுல குடியிருக்க அனுமதி இருக்கான்னு கேப்பான். பள்ளிக்கூட நம்பர் பள்ளிக்கூட வாசலோட சரி. மைனருங்களுக்குன்னு ஒரு வழி இருக்கு. அப்பா அம்மா எப்படி வந்தாங்கன்னு பாக்காம, பிள்ளைக்கு மட்டும் அனுமதி தர்றாங்க. பதினெட்டு முடியறதுக்குள்ள விண்ணப்பம் உள்ள போயிருக்கணும். ஒரு நாள் தப்பினாலும் நீ பெரிய மனுஷி. பெரிய மனுஷங்களுக்கு வழி இல்ல, வரிசை மட்டும்தான்."

"அப்ப இன்னிக்கே போட்டுடலாம்."

"போடலாம். பிறப்புச் சான்று இருக்கு. படிப்புச் சான்று நான் தர்றேன். போலீஸ் காகிதம் ஒண்ணு வேணும். நீ எப்படி நாட்டுக்குள்ள நுழைஞ்சன்னு. அதுக்கு நீயே போய் உன் மேல புகார் குடுக்கணும்."

"என்னன்னு?"

"திருட்டுத்தனமா நுழைஞ்சேன்னு."

"அது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொன்னாத்தான் தெரிஞ்ச மாதிரி."

மரியெல்விஸ் யோசித்தாள். "சரி, சாயந்திரம் போறேன்."

"சும்மா போனா துரத்திடுவான். முன்பதிவு பண்ணணும்."

"சரணடையறதுக்கா?"

"ஆமா. அடுத்த வருஷம் வரைக்கும் ஆள் நிரம்பியிருக்கு. எவனோ ஒருத்தன் ரத்து பண்ணினான், நான் பிடிச்சு வெச்சிருக்கேன். வியாழக்கிழமை காலை. அம்மாவும் வரணும். நீ மைனர், தனியா சரணடைய உனக்கு உரிமை கிடையாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். அம்மா கூட நிக்கட்டும், கையெழுத்து போடட்டும். அவங்க எப்படி வந்தாங்கன்னு நீங்களா ஆரம்பிக்காதீங்க. அவங்க பேருல ஒரு ஃபைல் திறந்துச்சுன்னா, வெளியேத்தற உத்தரவு என்னிக்கு வேணா வரலாம். கேக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கறேன்."

இந்த விஷயத்தை வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். அவர்கள் விட்டு வந்த வெனிசுவேலாவில் காட்டிக்கொடுப்பவனுக்குத் தவளை என்று பெயர். சிலியிலும் அதே பெயர்தான். இரண்டு நாடுகளும் ஒத்துப்போகிற மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. மரக்காய்போவில் யுரைமா இருந்த தெருவில் திருடனுக்குக்கூடப் பெண் கொடுப்பார்கள், தவளைக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரன் கம்பத்திலிருந்து கள்ளத்தனமாக வயர் இழுத்ததில் அவளுடைய ஃபிரிட்ஜ் புகைந்து செத்துப்போனது. மின்சாரக்காரர்கள் வந்து, யார் இழுத்தது என்று கேட்டார்கள். செத்த ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "காத்தா இருக்கும்," என்றாள் யுரைமா. பக்கத்து வீட்டுக்காரன் நன்றிக்கடனாக அவளுக்கும் ஒரு வயர் இழுத்துக் கொடுத்தான். குளிரவைக்க எதுவும் இல்லாததால் அதில் ரேடியோ கேட்டார்கள்.

தவளை தன் வாயால் கெடும் என்பது பழைய சங்கதி. கெடுவதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும் என்பதுதான் புதிது.

"யாரு மேல புகார்?" என்றாள் யுரைமா. வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்திருந்தாள்.

"என் மேலம்மா."

"நீ என்ன பண்ணின?"

"நுழைஞ்சேன்."

"உன்ன நான் தூக்கிட்டு வந்தேன்டி."

"பன்னண்டு வயசுப் பிள்ளைய யாரு தூக்குவா? நடந்துதான் வந்தேன்."

"நடந்த. ராகம் போட்டு அழுதுட்டே நடந்த. அதையும் எழுதிக்குவாங்களா?"

"கேட்டா சொல்றேன்."

யுரைமா வாளியிலிருந்து ஒரு காலை எடுத்து, பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "நம்ம வம்சத்துல குடிகாரன் இருந்திருக்கான். ரெண்டு பொண்டாட்டிக்காரன் இருந்திருக்கான். ஆட்டுத் திருடன் ஒருத்தன் இருந்தான், நல்ல மனுஷன். தவள இருந்ததில்ல. நீ முதல் தவளையாகப் போற, அதுவும் உனக்கே."

"அடுத்தவங்கள காட்டிக் குடுத்தாத்தானேம்மா தவள?"

"ஆரம்பம் எல்லாம் இப்படித்தான். வாய் திறக்கப் பழகிடும்." வாளித் தண்ணீரைக் காலால் கலக்கினாள். "அந்தச் சுரங்கப் படிப்புல அப்படி என்ன இருக்கு?"

"ஏழு நாள் லீவு."

"சம்பளத்தோடயா?"

"சம்பளத்தோட."

பஞ்சத்துக்கும் எல்லை தாண்டவைத்த ஏஜெண்டுக்கும் பாலைவனத்துக்கும் பதில் வைத்திருந்த யுரைமா, சம்பளத்தோடு ஏழு நாள் என்பதற்கு முன்னால் தோற்றுப்போனாள். கடைசியில் சொன்னாள்: "வர்றேன். கையெழுத்து போடறேன். ஆனா நீ உன் மேல புகார் குடுக்கும்போது நான் வாயத் திறக்க மாட்டேன். என்ன எதுவும் கேக்காத."

"தூங்கிக்கோ."

"அது வேணா செய்யறேன்."

வியாழக்கிழமை மூடுபனி மேட்டை விட்டு இறங்காமல் தெருவிலேயே நின்றது. ஓட்டலுக்கு வயிற்றுப்போக்கு என்று போனில் சொல்லிவிட்டு யுரைமா கிளம்பினாள். போலீஸ் கட்டடத்துக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு வரிசை. நாட்டின் சட்டத்தை மீறியவர்கள் அத்தனை ஒழுங்காக, ஒருவர் பின்னால் ஒருவர், கையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. சட்டத்தை மீறாதவர்கள் பக்கத்து வங்கி வாசலில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வில்மெர் என்று ஒருவன், ஃபிளாஸ்க்கும் கையுமாக. வலென்சியாக்காரன், அதுவும் வெனிசுவேலாதான். கேட்காமலே கதையைச் சொன்னான்.

"மூணாவது தடவையா சரணடையறேன். முதல் தடவ சிஸ்டம் வேலை செய்யல. ரெண்டாவது தடவ போலீசுக்கு ஸ்ட்ரைக். என்னப் பிடிக்க இவங்களுக்கு இஷ்டமே இல்லன்னு நினைக்கறேன். அக்கா எந்த ஊரு?"

"மரக்காய்போ."

"அதான் வரிசையில நிக்கும்போதே சத்தம். உங்க ஊர்க்காரங்க குரலே அப்படித்தான்."

"நீ வலென்சியாவா?" என்றாள் யுரைமா. "அதான் மூணு தடவ வந்தும் உள்ள போகல."

வில்மெர் சிரித்து ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தான். யுரைமா குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். வரிசை நகரும்போதெல்லாம் கண் திறக்காமலே ஓரடி எடுத்துவைத்தாள்.

உள்ளே அவர்களுக்குக் கிடைத்தது சன்வேசா என்கிற இளம் போலீஸ்காரர். தெற்கத்திக்காரராம், மழை பெய்யும் ஊர். இந்த வறண்ட காற்று மூக்கில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது என்று கைக்குட்டையை மடித்தபடி அவரே சொன்னார். மேசை ஓரத்தில் பாதி தின்ற ரொட்டி. அதிலிருந்த வெண்ணெய்ப்பழம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"யார் மேல புகார்?" என்றார், திரையைப் பார்த்தபடி.

"என் மேல."

"உனக்கு என்ன உறவு?"

"நான்தான் சார் அது."

அவர் நிமிரவில்லை. "புகார்தாரரும் எதிரியும் ஒருவரே," என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் குறி போட்டார். அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது.

"எங்க நுழைஞ்ச?"

"கொல்சானே பக்கம்."

"பக்கம்னா?"

"ஒரு பள்ளம் இருந்துச்சு சார். அதத் தாண்டினா சிலின்னு சொன்னாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. நான் சந்தேகப்பட்டு ஒரு தடவ கேட்டேன்கூட."

"பகலா, இருட்டா?"

"விடியப் போற நேரம்."

அவர் இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததில் ஒரு சிறு திருப்தி அடைந்து, அடுத்ததைத் தேடப் போனார். யுரைமா பக்கத்து நாற்காலியில் சொன்ன சொல் தவறாமல் கண்ணை மூடியிருந்தாள்.

"உடன் வந்தவர்கள்?"

மரியெல்விஸ் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை நகத்தால் கீறினாள்.

"உடன் வந்தவர்கள் பேர் சொல்லு தங்கச்சி."

"தனியா வந்தேன்."

அவருடைய விரல் விசைப்பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "பன்னண்டு வயசுல."

"ஆமா சார்."

"ஆளில்லாத பாலைவனத்துல."

"வளர்ந்த பொண்ணு சார் நான், அப்பவே."

சன்வேசா மூக்கைச் சிந்தினார். "தனியா வந்த குழந்தைன்னா இங்க முடியாது. குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். நீதிபதி ஒரு காப்பாளர நியமிக்கணும், சமூகசேவகி வீட்ட வந்து பாக்கணும். போன வருஷத்துக் கேஸுங்களயே இப்பத்தான் கூப்பிடறாங்க. செவ்வாய்க்கிழமை உனக்குப் பிறந்த நாள்."

"தெரியும் சார்."

"அப்ப அது சரிப்பட்டு வராது."

"அந்தக் கட்டத்தக் காலியா விட்டுடுங்க."

"விட்டா அடுத்த பக்கம் திறக்காது. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். ஒரு தடவ வெறும் புள்ளி வெச்சேன். புள்ளியோட பாஸ்போர்ட் நம்பர் கேட்டுச்சு." அவர் யுரைமா பக்கம் திரும்பினார். "இவங்க யாரு?"

"அம்மா."

"இவங்க எப்படி வந்தாங்க?"

"தெரியாது சார். ஃபிளைட்டா இருக்கலாம்."

"நீ பாக்கல?"

"தூங்கிட்டேன்."

"நீ பாலைவனத்துல நடந்து வந்த. இவங்க ஃபிளைட்ல வந்தாங்க."

"எங்க குடும்பத்துல பேச்சுவார்த்தை கம்மி சார்."

சன்வேசாவுக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் அன்றைக்கு இன்னும் பல பேர் சரணடைய வேண்டியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைத் தேய்த்தார். "இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல தங்கச்சி. பேரச் சொன்னா உன் காகிதம் இப்பவே அச்சாகி வரும். சொல்லலன்னா வராது. சொன்னா அவங்களுக்கும் ஒரு ஃபைல் திறக்கும். அதையும் நான்தான் திறக்கணும். எனக்கொண்ணும் ஆசை இல்ல. சிஸ்டம் அப்படி."

ஒரே ஒரு பெயர். எப்போதாவது ஓட்டலுக்குப் போன் செய்து, 'யுரைமாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல' என்று சொல்கிற அதே பெயர்தான். வாயில் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மரியெல்விஸ் அதை ஒருமுறை உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பக்கத்திலிருந்து சலவைப் பவுடர் வாசம் வந்தது. எத்தனை குளித்தாலும் அம்மாவை விட்டுப் போகாத வாசம். இந்தப் பெயரைக் கொடுத்து வாங்கும் பல்கலைக்கழக இடத்தில் உட்கார்ந்து, அம்மா வெளியேற்ற உத்தரவோடு வாசலில் நிற்கும்போது, கனிமங்களின் கடினத்தன்மை பற்றிப் படிக்க முடியுமா என்று கணக்குப் போட்டாள். கணக்கில் அவள் எப்போதும் கெட்டிக்காரி. விடை உடனே வந்துவிட்டது.

மேசை மேலிருந்த பிறப்புச் சான்றையும் படிப்புச் சான்றையும் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

"நாங்க கிளம்பறோம் சார். உங்க நேரத்த வீணாக்கிட்டோம்."

"உக்காரு," என்றாள் யுரைமா. கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

"அம்மா, நீ வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்க."

"நீ உன் மேல புகார் குடுக்கும்போது திறக்க மாட்டேன்னு சொன்னேன். நான் என் மேல குடுக்கும்போதுன்னு சொல்லல." கண்ணைத் திறந்தாள். நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தாள். "எழுதிக்கோங்க சார். யுரைமா தெல் கார்மென் உர்தனேத்தா. நான்தான் இவளக் கூட்டிட்டு வந்தேன். இவ யாரையும் காட்டிக் குடுக்கல. அத முதல்ல எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"இருக்கற கட்டத்துல எழுதுங்க."

"உங்களுக்கு இன்னிக்கு நேரம் பதிவாகலையே. இந்த நேரம் பொண்ணுக்கு. உங்க புகார வேற நாள்தான் எடுக்க முடியும். அது வரைக்கும் பொண்ணோடதும் முடியாது."

யுரைமா மேசை மேல் கையை ஊன்றினாள். "சரணடைய வந்தவளத் திருப்பி அனுப்பற போலீச நான் எங்க நாட்டுலகூடப் பாத்ததில்ல."

பின்வரிசை நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "என் நேரத்த அக்காவுக்குக் குடுத்துடுங்க சார். அடுத்தது நான்தான்." வில்மெர் ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தான்.

"உனக்கு மறுபடி எப்ப கிடைக்கும்னு தெரியாதுப்பா," என்றார் சன்வேசா.

"எனக்கு இது பழகிடுச்சு சார். திடீர்னு பிடிச்சீங்கன்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

யுரைமா திரும்பி அவனைப் பார்த்தாள். நன்றி சொல்லத் தெரியாமல், "வலென்சியாவுலயும் நல்லவங்க இருக்காங்க போல," என்றாள்.

"ஒண்ணு ரெண்டு பேரு இருக்கோம்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

கைரேகை வாங்கும்போது இன்னொரு சிக்கல். யுரைமாவின் விரலைக் கருவி ஏற்கவில்லை. சலவை மருந்து வருஷக்கணக்கில் ரேகைகளைத் தின்றிருந்தது. சன்வேசா ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். துடைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கிரீம் எடுத்துக் கொடுத்தார். கருவி ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"இத்தன வருஷமா இவங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒளிஞ்சேன்," என்றாள் யுரைமா மகளிடம். "இன்னிக்கு நானா குடுக்கறேன், என்னிய ஆளாவே எடுத்துக்க மாட்டேங்குது."

இடது கைச் சுண்டுவிரல் கடைசியில் பச்சை காட்டியது. அந்த விரல் எப்படி வேலையிலிருந்து தப்பித்தது என்று அவளுக்கே புரியவில்லை.

சன்வேசா வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது மட்டும் அவருக்கு நீதிமன்றக் குரல் வந்தது. "மேற்படி நபர், தன் மைனர் மகளின் கல்வியைக் கருத்தில்கொண்டு, அங்கீகரிக்கப்படாத பாதை வழியாக..."

"நிறுத்துங்க. அப்படி நான் சொல்லல."

"நல்லதுக்குத்தாம்மா போட்டேன். படிக்கறவங்களுக்கு ஒரு இரக்கம் வரும்."

"பசிச்சது, வந்தோம். படிப்பெல்லாம் இவ இங்க வந்து கண்டுபிடிச்சது. அத அடிச்சிடுங்க."

"இருக்கட்டுமே அம்மா," என்றாள் மரியெல்விஸ்.

"வாழ்க்கையில ஒரே ஒரு புகார் குடுக்கறேன். அத ஒழுங்கா குடுத்துட்டுப் போறேன்."

அவர் அடித்தார். 'பசியின் காரணமாக' என்று தேடித்தேடித் தட்டினார். அச்சு இயந்திரம் இரண்டு காகிதங்களைத் துப்பியது. ஒன்று மகளுக்கு, விண்ணப்பத்தோடு இணைக்க. இன்னொன்று அம்மாவுக்கு, அழைக்கும்போதெல்லாம் வந்து கையெழுத்துப் போட.

"எனக்கு என்ன ஆகும்?" என்றாள் யுரைமா.

"மேல போகும். ஒரு நாள் உத்தரவு வரலாம். வராமலும் போகலாம். நிறைய பேருக்கு இன்னும் வரல." சன்வேசா ரொட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"நான் யாரையும் காட்டிக் குடுக்கறதில்ல," என்றாள் யுரைமா.

பள்ளிக்கு வந்து சேரும்போது மூடுபனி கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. எல்சிரா அத்தை தாமதச் சீட்டுக் கட்டோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறார் என்பது அவர் செருப்பின் மேல் படிந்திருந்த தூசியில் தெரிந்தது. எதுவும் கேட்காமல் இருவரையும் அறைக்குள் அழைத்துப்போனார். போலீஸ் காகிதத்தைத் தன் கணினியில் ஏற்றினார், மற்ற சான்றுகளை ஏற்றினார், ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது. எல்சிரா அதை அச்செடுத்து, தேதியைக் கோணலாக வட்டமிட்டு, மரியெல்விஸிடம் கொடுத்தார்.

"இத தொலைச்சிடாத. பதில் வர மாசக்கணக்கா ஆகும். ஆனா உள்ள போயிடுச்சு." பிறகு சீட்டுக் கட்டை எடுத்தார். என்ன இருந்தாலும் இன்ஸ்பெக்டர். "காலையில ஏன் வரல? காரணம் எழுதணும்."

"சரணடையப் போயிருந்தோம் அத்தை."

பேனா நின்றது. "தோம்னா?"

மரியெல்விஸ் அம்மாவைப் பார்த்தாள். யுரைமா கையிலிருந்த தன் காகிதத்தை மேசை மேல் வைத்தாள். எல்சிரா அதை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். 'பசியின் காரணமாக' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். 'கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்' என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். சீட்டில் மூன்று காரணங்கள் அச்சிட்டிருந்தன: நோய், துக்கம், குடும்ப அலுவல். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துக் குறி போட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

"போ. கணக்கு மாதிரித் தேர்வு ஓடிட்டிருக்கு. இன்னும் நேரம் இருக்கு."

மரியெல்விஸ் நகரவில்லை. "அம்மா, உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கும். இப்ப வேலைக்குப் போகணும், சாயந்திரம்தான் பாக்கணும்." யுரைமா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "போடி. உள்ள போய் எழுது."

அவள் தாழ்வாரத்தில் ஓடும் சத்தம் கேட்டு அடங்கியது. யுரைமா தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஓட்டல்ல கேப்பாங்க, ஏன் பாதி நாள் காணோம்னு. காலையில வயித்துப்போக்குன்னு சொல்லிட்டேன், அதுக்கு டாக்டர் சீட்டு கேப்பாங்க. இந்தப் போலீஸ் காகிதத்தக் காட்டினேன்னா அத்தோட வேலை போயிடும்."

எல்சிரா யோசித்தார். பிறகு அதே கட்டிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தார். 'மாணவர் பெயர்' என்ற இடத்தில் யுரைமா தெல் கார்மென் உர்தனேத்தா என்று முழுவதும் எழுதினார். 'வகுப்பு' என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் ஒரு கோடு இழுத்தார். மூன்றாவது காரணத்தில் குறி போட்டார். பள்ளியின் முத்திரையை மையில் ஒற்றி, அழுத்தி வைத்தார்.

யுரைமா அதைத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். "இத நம்புவாங்களா?"

"முத்திரை இருக்கே," என்றார் எல்சிரா.